கரையையும் கணக்கில் சேருங்கள்

நம் உடுமலையிலிருந்து பார்த்தால் மலை தெரியும், காற்றாலைகள் தெரியும், கடல் தெரியாது. "துறைமுகத்தைப் பற்றி நீ ஏன் எழுதுகிறாய்?" என்று தோழியர் சிலர் கேட்டனர். என் தந்தையார் பனியன் பெட்டிகள் ஏற்றிய கண்டெய்னர் லாரியைத் திருப்பூரிலிருந்து தூத்துக்குடிக்கு ஓட்டிச் செல்பவர். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். எங்கள் வீட்டு அடுப்பு எரிவதற்கும் கடலில் கப்பல் செல்வதற்கும் நேரான தொடர்பு உண்டு. நம் வகுப்பில் பலருடைய வீட்டுக் கதையும் இதுதானே!

தூத்துக்குடியில் ஏற்றப்படும் பெட்டிகளில் பல, சிறிய கப்பலில் கொழும்புக்குச் சென்று, அங்கே பெரிய கப்பலுக்கு மாறிய பிறகே அயல்நாடுகளுக்குப் போகின்றன. மாற்றி ஏற்றும் செலவும் காலமும் நம் தலையில்தான் விழுகின்றன. ஆகவே பெருங்கப்பல்கள் அணையும் துறைமுகம் நம் நாட்டிலேயே வேண்டும் என்பதில் நியாயம் உண்டு. திருவனந்தபுரத்துக்கு அருகிலுள்ள விழிஞம் அப்படி எழுந்த துறைமுகமே. 2015 டிசம்பரில் பணி தொடங்கியது. 2024 டிசம்பரில் வணிகப் போக்குவரத்து ஆரம்பமாயிற்று. 2025 மே 2 அன்று பிரதமர் அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். அடுத்த மாதமே அங்கு வந்த எம்.எஸ்.சி. ஐரினா என்ற கப்பல், 20 அடிப் பெட்டிகள் 24,346 சுமக்க வல்லதாம்! படித்தபோது எனக்கும் பெருமையாகவே இருந்தது.

ஆனால் அந்தக் கப்பல் அமைதியாக நிற்பதற்காகக் கடலுக்குள் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறைகளைக் கொட்டி அலைத்தடுப்புச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். சுவர் அலையை மட்டுமா தடுக்கும்? கரையோரமாக மணலும் ஓயாமல் நகர்ந்துகொண்டிருக்கிறது. குறுக்கே சுவர் வந்தால் ஒரு பக்கம் மணல் குவியும், மறுபக்கம் கரை கரையும்.

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டியதில்லை. சென்ற ஆண்டு கல்விச் சுற்றுலாவில் நாம் மெரினாவில் ஓடி விளையாடினோம் அல்லவா? 19ஆம் நூற்றாண்டில் சென்னைத் துறைமுகச் சுவர்கள் எழுந்த பிறகு, வடக்கே செல்ல வேண்டிய மணல் தெற்கே தங்கித்தான் அந்தக் கடற்கரை அவ்வளவு அகலமாயிற்று. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடல் கரையைத் தின்றது. அங்கே கல்லைக் கொட்டிக் கரையைக் காக்க வேண்டியதாயிற்று. நாம் மணல்வீடு கட்டிய மணல் யாருக்குச் சேர வேண்டியது என்று அன்று நமக்குத் தெரியாது.

விழிஞத்துக்கு வடக்கே சங்குமுகம், வலியதுறை ஆகிய இடங்களில் கடல் வீடுகளை விழுங்கியது. வீடிழந்த குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் சிமெண்ட் கிடங்கில் வாழ்ந்தன. ஒரு கிடங்கில் பல குடும்பங்கள் என்றால், நம்மைப் போன்ற பெண்பிள்ளைகள் எங்கே உடை மாற்றுவார்கள், எங்கே அமர்ந்து படிப்பார்கள்? 2022 ஆகஸ்டு 16 முதல் டிசம்பர் 6 வரை, திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டம் முன்னின்று நடத்த, மீனவ மக்கள் போராடினர். நவம்பர் இறுதியில் காவல்நிலையம் தாக்கப்பட்டுப் பலர் காயமுற்றனர். அதை எவரும் நியாயப்படுத்த இயலாது. கரையரிப்பு முன்பே இருந்தது, புயல்களும் காரணம் என்றது அரசு. சுவர் வந்த பிறகே மிகுந்தது என்றனர் மீனவர். எது சரியென்று தீர்ப்புக் கூற நான் தகுதியுடையவள் அல்லள். ஆனால் பணி தொடங்கி ஏழாண்டுகள் கழித்து, கரையை ஆராய வல்லுநர் குழு அமைக்க நேர்ந்ததே! முதலில் செய்த ஆய்வை மக்கள் நம்பவில்லை என்பதுதானே பொருள்?

நம்பிக்கை எப்படி வரும்? 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி பெரிய துறைமுகங்களுக்கு ஆய்வறிக்கையும் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் தேவை. முப்பது நாள் முன்னறிவிப்பு உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மக்களின் மொழியில் தர வேண்டியது அறிக்கையின் சுருக்கம் மட்டுமே. கூட்டத்துக்கு இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்ற விதியும் இல்லை. அறிக்கை எழுதுபவருக்குக் கூலி தருவதோ துறைமுகம் கட்டுபவர். தேர்வு எழுதிய மாணவியே விடைத்தாள் திருத்தும் ஆசிரியைக்குச் சம்பளம் தந்தால், அந்த மதிப்பெண்ணை நாம் நம்புவோமா?

மேற்குக் கரையில் மழைக்காலக் கடல் மணலைக் கொண்டுபோய்ப் பின்னர் திருப்பித் தரும். ஒரு பருவத்தில் மட்டும் அளந்தவர் அதைக் காணமாட்டார். கரையில் பிறந்து வளர்ந்த பாட்டிக்கு அது தெரியும். அவரைக் கேட்டு எழுதுங்கள் என்கிறேன். யார் யாருக்கு இழப்பு என்று எண்ணும்போதும் அவரை மறவாதிருங்கள். படகுக்குப் பதிவெண் உண்டு. தலையில் சுமக்கும் மீன்கூடைக்கு உண்டா?

துறைமுகம் கட்டி முடித்தாலும் கணக்கு முடிவதில்லை. 2025 மே மாதம் விழிஞத்திலிருந்து கொச்சிக்குச் சென்ற எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல், 640 பெட்டிகளுடன் மூழ்கியது. மாலுமிகள் 24 பேரும் காப்பாற்றப்பட்டனர். ஆனால் அரிசி போன்ற பிளாஸ்டிக் மணிகள் கேரளக் கரையிலும் நம் குமரிக் கரையிலும் ஒதுங்கின. அந்தக் குமரி மாவட்டத்தின் இனயத்தில் பெரிய துறைமுகம் அமைக்க 2016இல் மத்திய அமைச்சரவை கொள்கையளவில் இசைவு தந்தது. மக்கள் எதிர்த்தனர். இடத்தைக் கோவளம், கீழமணக்குடிப் பக்கம் மாற்றியபோது அங்கும் எதிர்ப்பே எழுந்தது. முன்னேற்றம் வேண்டாதவர்கள் என்று அவர்களைச் சிலர் ஏசினர். அவர்கள் வலியதுறையைப் பார்த்தவர்கள் என்பதை ஏசியவர்கள் எண்ணவில்லை.

இந்த வகையில் பிறரைக் குறைகூறும் உரிமை நமக்கும் அதிகமில்லை. உழவுக்காக நொய்யலில் கட்டி 1992இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் நம் பனியன்களின் சாயக்கழிவு தேங்கியது. சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது 2011இல்தான். அதற்குள் எத்தனை தோட்டங்கள், எத்தனை கிணறுகள் பாழாயின! வேலையிழந்த தொழிலாளர் பட்ட பாடு வேறு. கணக்கைக் கடைசியில் பார்த்ததன் விலை நமக்குத் தெரியும்.

தூத்துக்குடியில் லாரி வரிசையில் காத்திருக்கும் நேரம் தூங்கத்தான் சரி என்பார் அப்பா. அடுத்த முறை அங்குள்ள மீனவர் ஒருவரிடம், அவர் சிறுவயதில் கரை எதுவரை இருந்தது என்று கேட்டு வரச் சொல்லியிருக்கிறேன். "உனக்கெதுக்கு கண்ணு அதெல்லாம்?" என்று சிரித்தார். ஆனாலும் கேட்டு வருவார்.