எதிரொலியை எண்ணுகிறவர்கள்

கடலில் மீன் எவ்வளவு கிடக்கிறது என்று கேட்டால், எங்கள் பேங்க் கவுண்டருக்கு வருகிற மீனவப் பெரியவர் ஒருவர் சிரிப்பார். "போட்ட வலையில எவ்வளவு வந்துச்சுன்னு கேளு தம்பி, சொல்றேன். கெடக்குறத எவன் எண்ணுனான்?"

நியாயமான கேள்விதான். ஆனால் எண்ணியிருக்கிறார்கள். உலகக் கடல்களில் 200 மீட்டருக்கும் 1000 மீட்டருக்கும் இடைப்பட்ட அரையிருட்டு நீரில் சுமார் 100 கோடி டன் மீன் இருப்பதாக 1980இல் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு வெளியிட்ட ஒரு ஆய்வு சொன்னது. 2014இல் இன்னொரு ஆய்வு வந்தது. முந்தைய கணக்கு தப்பு, குறைந்தபட்சம் பத்து மடங்கு கூட்ட வேண்டும் என்றது. அதாவது 1000 கோடி டன். பூமியில் இருக்கிற ஆளுக்குத் தலைக்கு ஒரு டன்னுக்கு மேல். உலகம் பூராவும் கடலில் ஒரு வருஷத்தில் பிடிக்கிற மொத்த மீனே 8 கோடி டன் அளவுதான்.

இந்த முப்பத்து நாலு வருஷத்தில் மீன் பத்து மடங்கு குட்டி போடவில்லை. மாறியது அளவுகோல். முன்பு வலையால் எண்ணினார்கள், பிறகு ஒலியால் எண்ணினார்கள்.

இந்தப் பத்திரிகையில் மீனைப் பற்றி எதற்கு என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். நான் எழுத வந்தது மீனைப் பற்றி மட்டுமல்ல. ஒரு எண் எப்படிப் பிறக்கிறது, பிறந்த பிறகு அது யார் கைக்குப் போகிறது என்பதைப் பற்றி. அதிகாரம் துப்பாக்கியோடு மட்டும் வருவதில்லை, புள்ளிவிவரத்தோடும் வருகிறது. புள்ளிவிவரத்தைப் படிக்கத் தெரியாமல் அதோடு மல்லுக்கு நிற்க முடியாது.

முதலில் அது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். கப்பலின் அடியில் இருக்கும் ஒரு கருவி ஒலித்துடிப்பை நீருக்குள் அனுப்புகிறது. நீரில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர் போகும். 500 மீட்டர் ஆழத்தில் ஒரு மீன்கூட்டம் இருந்தால் போய்வர 1000 மீட்டர். முக்கால் வினாடிக்குள் எதிரொலி வந்துவிடும். மீனின் சதை ஒலியைப் பெரிதாகத் திருப்பாது. அதன் வயிற்றுக்குள் மிதப்பதற்காக இருக்கும் காற்றுப்பைதான் திருப்புகிறது. திரும்பி வந்த மொத்த எதிரொலியை எடுத்து, ஒரு மீன் எவ்வளவு எதிரொலி தரும் என்ற மதிப்பால் வகுத்தால் மீன்களின் எண்ணிக்கை. அதை ஒரு மீனின் சராசரி எடையால் பெருக்கினால் டன் கணக்கு. கணக்கு அவ்வளவுதான். பள்ளிக்கூடத்து வகுத்தலும் பெருக்கலும்.

இந்த வித்தை மீனுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதும் அல்ல. 1942இல், இரண்டாம் உலகப்போரின் நடுவில், அமெரிக்காவின் சான் டியாகோ கரைக்கு அப்பால் நீர்மூழ்கிகளைக் கண்டுபிடிக்கும் சோனார் சோதனை நடந்துகொண்டிருந்தது. ஐரிங், கிறிஸ்டென்சன், ரைட் என்று மூன்று இயற்பியலாளர்கள். தரை வெகு ஆழத்தில் இருக்கும்போது, நடுநீரில் ஏதோ ஒரு அடுக்கு ஒலியைத் திருப்பிக்கொண்டே இருந்தது. பகலில் ஆழத்தில் கிடந்த அந்தப் 'பொய்த்தரை' இருட்டியதும் மேலே ஏறி வந்தது, விடிந்ததும் இறங்கிப் போனது. தரை எங்காவது ஏறி இறங்குமா? 1945இல் மார்ட்டின் ஜான்சன் என்ற கடலியலாளர்தான் இது உயிர், வெளிச்சத்துக்கு ஏற்ப மேலும் கீழும் போய்வருகிற உயிர்க்கூட்டம் என்று காட்டினார். விரல் நீளமே உள்ள லாந்தர் மீன்கள், அதைவிடச் சிறிய முள்வாய் மீன்கள், இறால்கள், கணவாய்கள். இவற்றில் பல இரவில் மேலே வந்து தின்றுவிட்டுப் பகலில் இருட்டுக்குள் போய் ஒளிகின்றன. உலகத்திலேயே பெரிய இடப்பெயர்வு இதுதான். தினமும் நடக்கிறது. சத்தமில்லாமல் நடக்கிறது.

இவ்வளவு மீன் எப்படி இத்தனை காலம் கணக்கில் வராமல் போனது? இதற்குப் பதில் 2012இல் கிடைத்தது. நோர்வேயின் ஒரு ஃபியோர்டில் லாந்தர் மீன்களுக்கு நடுவே இழுவலையை இழுத்தபோது, ஒலிக்கருவியில் பார்த்தால், மீன்கள் வலையைக் கண்டு விலகி ஓடின. வலை போன பாதை காலியாகத் தெரிந்தது. வலையில் வந்ததை மட்டும் எண்ணி, வராததெல்லாம் இல்லவே இல்லை என்று எழுதிவைத்திருந்தார்கள். தன் கைக்குச் சிக்காதது இல்லை என்று சொல்வது எல்லா அதிகாரிகளுக்கும் உள்ள வியாதிதான். ஆனால் இங்கே அந்தத் தப்பை அறிவியலே கண்டுபிடித்து, தானே ஒத்துக்கொண்டது. இதை நாம் மதிக்க வேண்டும்.

2010 டிசம்பரில் ஸ்பெயினின் மலஸ்பினா பயணம் தொடங்கியது. உலகைச் சுற்றி 32,000 கடல் மைல் தூரத்துக்கு இரவும் பகலும் ஒலிப்பதிவு. அந்தப் பதிவை வைத்துத்தான் 2014இல் அந்த ஆயிரம் கோடி. செய்தி வெளியானதும் உலகத்துப் பத்திரிகைகள் கொண்டாடின. பெருகிவரும் மக்கள்தொகைக்கு உணவு தயார் என்று சிலர் எழுதினார்கள். அந்த ஆய்வாளர்கள் தங்கள் கட்டுரையில் எத்தனை 'இருந்தால்', எத்தனை 'எனக் கொண்டால்' போட்டிருந்தார்கள் என்பதைத் தலைப்புச் செய்தி போடுகிறவன் படிப்பதில்லை.

அந்த 'எனக் கொண்டால்'களில்தான் விஷயமே இருக்கிறது. ஒரு மீன் எவ்வளவு எதிரொலி தரும் என்ற மதிப்பை டெசிபல் என்ற அலகில் சொல்கிறார்கள். அதில் 3 டெசிபல் தவறினால் மீன் இரண்டு மடங்கு ஆகும் அல்லது பாதியாகும். 10 டெசிபல் தவறினால் பத்து மடங்கு. அதோடு ஒலி ஆள் அடையாளம் சொல்லாது. சொறி மீனுக்கு உறவான சைபனோஃபோர் என்ற உயிரினத்தில் சில வகைகளுக்கு ஒரு சின்னக் காற்றுக்குமிழ் உண்டு. ஆழத்தில் அந்தக் குமிழ், கப்பலிலிருந்து வரும் 38 கிலோஹெர்ட்ஸ் ஒலிக்கு, மீனைப் போலவே பதில் சொல்லும். சதையென்று பார்த்தால் தண்ணீர்தான், கருவியில் பார்த்தால் மீன். இதற்கு நேர் எதிராக, சில லாந்தர் மீன்கள் வளர வளர காற்றுப்பையில் காற்று குறைந்து கொழுப்பு நிறைகிறது. அவை கூட்டமாக நின்றாலும் கருவிக்குச் சரியாகக் கேட்காது. இல்லாதது இருப்பதாகவும் இருப்பது இல்லாததாகவும், இரண்டு பக்கமும் பிழை.

2019இல் இந்தப் பிழைகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். விடை: 180 கோடி டன்னிலிருந்து 1600 கோடி டன்னுக்குள் ஏதோ ஒன்று. பேங்க்காரன் பாஷையில் சொல்கிறேன். "சார், உங்க அக்கவுண்ட்ல 1,800 ரூபாய்லேருந்து 16,000 ரூபாய்க்குள்ள இருக்கு" என்று நான் கவுண்டரில் சொன்னால் என்ன நடக்கும்? அந்த இருப்பை நம்பி யாராவது செக் எழுதுவார்களா?

கடலில் எழுதுகிறார்கள்.

1982இல் கையெழுத்தான ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கை, கரை நாட்டுக்கு 200 கடல் மைல் வரை உரிமை தருகிறது. கூடவே இரண்டு விதி. ஒன்று, அந்த எல்லைக்குள் எவ்வளவு மீன் பிடிக்கலாம் என்று அந்த நாடு நிர்ணயிக்க வேண்டும். இரண்டு, அவ்வளவையும் பிடிக்கத் தன்னிடம் திறன் இல்லையென்றால், மிச்சத்தை மற்ற நாடுகள் பிடிக்க ஒப்பந்தம் மூலம் இடம் தர வேண்டும். இந்தியா இதை 1995இல் ஏற்றது. 'மிச்சம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். மொத்தம் எவ்வளவு என்ற எண் பெரிதாக ஆக மிச்சமும் பெரிதாகும். சின்ன வள்ளம் வைத்திருக்கிறவனின் திறனோ மாறாது. ஆகவே மதிப்பீடு என்பது வெறும் அறிவு அல்ல, அது சட்டத்தின் கதவுக்குச் சாவி.

இது கற்பனைப் பயம் இல்லை. 1991இல் இந்திய அரசு புதிய ஆழ்கடல் மீன்பிடிக் கொள்கை கொண்டுவந்து, அந்நியக் கம்பெனிகளோடு கூட்டுச் சேர்ந்த கப்பல்களுக்கு உரிமம் கொடுத்தது. சொன்ன காரணம், ஆழ்கடலில் மீன் சும்மா கிடந்து வீணாகிறது, நம்மாட்களால் பிடிக்க முடியவில்லை என்பது. நாடு முழுக்க மீன்தொழிலாளர்கள் கடலுக்குப் போகாமல் போராடினார்கள். 1995இல் முராரி குழு போடப்பட்டது. அந்த உரிமங்களை ரத்துசெய்ய வேண்டும் என்று அது 1996இல் பரிந்துரைத்தது. 'வீணாகக் கிடக்கிறது' என்ற ஒரு சொல்லை எதிர்த்து நிற்பதற்கு எத்தனை பேரின் எத்தனை நாள் கூலி போனது என்பதை எந்தக் குழுவும் கணக்கெடுக்கவில்லை.

எனக்கு இந்தச் சொல் பழக்கமானது. பேங்கில் படகுக் கடன் விண்ணப்பத்தோடு ஒரு திட்ட அறிக்கை வரும். வருஷத்துக்கு இத்தனை நாள் கடலுக்குப் போவார், ஒரு நாளைக்கு இத்தனை கிலோ படும் என்று அதில் கட்டம் கட்டமாக நிரப்பியிருக்கும். நிரப்பியவர் கடலைப் பார்த்திருக்க மாட்டார். கடனைக் கட்டமுடியாமல் போனால் பிழை அறிக்கையில் என்று யாரும் சொல்வதில்லை. வாங்கியவன் சோம்பேறி என்றுதான் சொல்வோம். நோட்டீஸை டைப் அடிக்கிறவர்களில் நானும் ஒருவன். மதிப்பீடு போட்டவன் ஒருவன், விலை கொடுக்கிறவன் இன்னொருவன்.

இப்போது நம் பக்கத்துக் கடலுக்கு வருவோம். நோர்வேயும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து அனுப்பிய 'டாக்டர் ஃப்ரித்யோஃப் நான்சென்' என்ற ஆய்வுக்கப்பல் 1975-76இல் அரபிக்கடலை ஒலியால் அளந்தது. அதன் வடக்கிலும் மேற்கிலும் நடுநீர் மீன் மட்டும் சுமார் 10 கோடி டன் என்று கணக்கு வந்தது. பெரும்பகுதி ஒரே இன லாந்தர் மீன், ஒரு வயதுக்குள் வாழ்ந்து முடிந்துவிடும் மீன். ஓமான் வளைகுடாவில் ஈரான் அதைப் பிடித்து மீன்மாவாக்க முயன்றது. நம்மிடமும் கொச்சியை மையமாகக் கொண்டு 'சாகர் சம்பதா' என்ற ஆய்வுக்கப்பல் 1980களிலிருந்து ஓடியது. அதுவும் இந்த அடுக்குகளை ஆராய்ந்திருக்கிறது.

சீக்கிரம் செத்து சீக்கிரம் பெருகும் மீனைப் பிடித்தால் என்ன நஷ்டம் என்று கேட்பார்கள். அசலும் வட்டியும் வேறு வேறு என்பது பேங்க் குமாஸ்தாவுக்கு முதல் நாளே சொல்லித்தரும் பாடம். 10 கோடி டன் என்பது அசல். அதன் வட்டியை ஏற்கனவே வாங்கிக்கொண்டிருக்கிறவர்கள் உண்டு. சூரை தின்கிறது, கணவாய் தின்கிறது. அந்தச் சூரையைத் தூண்டில் போட்டுப் பிடித்துப் பிழைக்கிற குடும்பங்கள் கரையில் இருக்கின்றன. இரவில் மேலே தின்றதைப் பகலில் ஆழத்துக்குக் கொண்டுபோவதால் இந்த மீன்கள் கரியையும் கீழே இறக்கி, பூமியின் சூட்டைக் குறைக்க உதவுகின்றன. 'வீணாகக் கிடக்கிற' எதுவும் கடலில் இல்லை. லாந்தர் மீனில் பல வகை நேரடியாக மனிதன் தின்னத் தோதானதும் அல்ல. பெரும்பாலும் அது மாவாகி, எண்ணெயாகி, பண்ணை மீனுக்கும் இறாலுக்கும் தீனியாகப் போகும். பசியைப் போக்க என்று சொல்லித் தொடங்குவது, வசதியானவன் தட்டில் போய் முடியும்.

இந்த இடத்தில் நம்மாட்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். இதையெல்லாம் கேட்டவுடன் "விஞ்ஞானமே ஏகாதிபத்திய சூழ்ச்சி, எண்ணே வேண்டாம்" என்று சிலர் கையைத் தட்டி எழுந்துவிடுகிறார்கள். அது சுலபம், ஆனால் தப்பு. எண்ணாமல் விட்டால் யாருக்கு லாபம்? 1980இன் வலைக்கணக்கு பிழை என்று காட்டியது இந்த ஒலிதான். ஆயிரம் கோடி என்ற எண்ணை 180 முதல் 1600 வரை என்று அவிழ்த்துக் காட்டியதும் அதே ஒலி அறிவியல்தான். கருவி நமக்கு எதிரி இல்லை. கருவி சொன்னதில் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபாதியை மறைக்கிறவன்தான் எதிரி.

ஆகவே நாம் கேட்கவேண்டியது மூன்று.

ஒன்று, எந்த அரசு ஆவணத்திலும் மீன் மதிப்பீட்டை ஒற்றை எண்ணாகப் போடக்கூடாது. கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டும் வேண்டும். உரிமம் பற்றி முடிவெடுக்கும்போது கீழ் எல்லையை வைத்தே எடுக்கவேண்டும். அமெரிக்காவின் மேற்குக் கரையில் 2016இல் என்ன செய்தார்கள்? போதிய அறிவியல் தகவல் வந்து சீர்தூக்கிப் பார்க்கும்வரை, இந்த நடுநீர் மீன்களைக் குறிவைத்துப் புதிய மீன்பிடிப்பு எதுவும் தொடங்கக்கூடாது என்று தடுத்தார்கள். அங்கே முடியுமென்றால் இங்கேயும் முடியும்.

இரண்டு, பொதுப்பணத்தில் ஓடும் ஆய்வுக்கப்பலின் ஒலிப்பதிவு பொதுச்சொத்து. ஆஸ்திரேலியாவில் மீன்பிடிக் கப்பல்களின் ஒலிக்கருவிப் பதிவுகளையே சேகரித்து யாரும் எடுத்துப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். நம் மாணவர்கள், குறிப்பாக இயற்பியலும் கணிதமும் படிக்கிற கடற்கரைப் பிள்ளைகள், இந்தப் பதிவுகளைத் திறந்து பார்த்து, "இந்த 3 டெசிபல் எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்கிற நாள் வரவேண்டும்.

மூன்று, கணக்குப் போடும் மேசையில் கடல் தெரிந்தவர்கள் உட்காரவேண்டும். தகவல் கொடுக்கிறவர்களாக மட்டும் அல்ல, முடிவெடுக்கிறவர்களாக. எந்தப் பாரில் எந்த மாசத்தில் எது கிடக்கும், எந்த நீவாட்டில் எது விலகிப் போகும் என்பது அவர்கள் அறிவு. அதற்குப் பட்டம் இல்லை என்பது அதன் குறை அல்ல.

போன வாரம் அந்தப் பெரியவர் மறுபடி வந்திருந்தார். ஆயிரம் கோடி டன் கதையைச் சொன்னேன். பாஸ்புக்கை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "சத்தம் போட்டு, திரும்பி வர்ற சத்தத்தக் கேட்டு எண்ணுறாங்களா? சரிதான். எங்க சத்தம் மட்டும் எந்தக் கருவியிலயும் திரும்பி வர மாட்டேங்குதே தம்பி."

வரவைக்க வேண்டும், தோழர்களே. அதற்கு முதலில் அவர்கள் கணக்கை நாம் வாசிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.