முதலில் இறங்குபவர்களின் மனக்காயம்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அழுகிய உடல்களை இடிபாடுகளிலிருந்து எடுத்துப் புதைத்தவர்களில் பெரும்பங்கினர் பிற நகராட்சிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட தலித் துப்புரவுத் தொழிலாளர்கள். உயிர் தப்பியோருக்கு உளவியல் ஆதரவு அளிக்க, பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் களப்பணியாளர்களுக்குப் பயிற்சி தந்தது. பிணம் சுமந்தவர்களோ ஊர் திரும்பி மீண்டும் குப்பை வண்டியைத் தள்ளினர்.

இன்று மனநல ஆதரவு கைப்பேசிக்குள் வந்துவிட்டது. 2022 அக்டோபர் 10 அன்று 14416 என்ற எண்ணுடன் டெலி மானஸ் தொடங்கியது. 2024இல் அதற்குச் செயலியும் வந்தது. படைவீரர்களுக்கெனப் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் தனிப்பிரிவு இயங்குகிறது. தமிழகக் காவல்துறையினருக்கு நிம்ஹான்ஸ் துணையுடன் 'நிறைவாழ்வு' பயிற்சி நடந்தது. இவை தேவையானவை, ஐயமில்லை. ஆனால் பேரிடர்ப் பணியாளர் என்ற பட்டியலில் யார் இருக்கிறார்கள் என்பதைச் சீருடைதான் முடிவு செய்கிறது. கழிவுநீர்த் தொட்டியில் மயங்கி விழுந்தவரைக் காப்பாற்ற முதலில் குதிப்பவர் தீயணைப்பு வீரர் அல்லர். உடன் வேலை செய்பவர். பல விபத்துகளில் இரண்டாவதாக இறப்பவரும் அவரே. பிழைத்து மேலே வந்தால், அவருக்கு என்ன இருக்கிறது?

2013 ஆம் ஆண்டுச் சட்டம் மறுவாழ்வு என்று எண்ணுவது ரொக்க உதவி, வீட்டுமனை, பயிற்சி, கடன், பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இறப்புக்கான இழப்பீட்டை 30 லட்சமாக உயர்த்தியது. இறந்தவருக்கு ஒரு விலை கிடைத்தது. பார்த்தவரின் மனக்காயம் கணக்கிலேயே வரவில்லை. 2024இல் ஒன்றிய அரசு வெளியிட்ட விவரப்படி, கணக்கெடுக்கப்பட்ட சுமார் 38,000 கழிவுநீர்த் தொழிலாளர்களில் கிட்டத்தட்ட 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். இந்த மௌனத்துக்குச் சாதி தவிர வேறு விளக்கம் தேடுவோர் தேடட்டும்.

அமெரிக்காவில் வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள் 1970களின் தொடக்கத்தில் தாங்களே கூடிப் பேசும் குழுக்களை அமைத்தார்கள். அவர்கள் போராடிய பிறகே, 1980இல், பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் மருத்துவ வகைப்பாட்டில் இடம்பெற்றது. 2011இல் வந்த 'பி.டி.எஸ்.டி. கோச்' செயலி, பயனரின் பெயரைக்கூடக் கேட்பதில்லை. முன்னாள் வீரர்களுக்கு முன்னாள் வீரர்களே ஊதியத்துடன் துணைநிற்கும் பணியிடங்களும் அங்கு உண்டு. தொழில்நுட்பம் கடைசியில் வந்தது. அமைப்பாதல் முதலில் நடந்தது.

நம் ஊரில் வரிசை தலைகீழ். 2024இல் மாநகராட்சியான காரைக்குடியின் செக்காலையில் விடியுமுன் தெருக்கூட்டும் தொழிலாளிக்கும் கைப்பேசி புதிதல்ல. ஆனால் இந்நாட்டின் தூய்மைப் பணியாளரை எண்ணியல் கருவி முதலில் வந்தடைந்தது எந்த உருவில்? நாக்பூரிலும் சண்டிகரிலும் அவர்களின் மணிக்கட்டில் கட்டப்பட்ட ஜி.பி.எஸ். கைக்கடிகாரமாக; எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்று எண்ணும் கண்காணியாக. அப்படிப்பட்டவரிடம், "உங்கள் மனதில் உள்ளதைச் செயலியில் சொல்லுங்கள்" என்றால் அவர் முதலில் நினைப்பது ஒப்பந்ததாரரைத்தான். தூக்கமில்லை என்று சொன்னால் நாளை வேலை இருக்குமா? குடித்தால்தான் குழிக்குள் இறங்க முடிகிறது என்று சொன்னால்?

எனவே ஆதரவுச் சேவையின் தரவு நகராட்சிக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒருபோதும் செல்லக்கூடாது. எழுத்தைவிடக் குரலே முதன்மையாக வேண்டும். மறுமுனையில் கேட்பவர், அந்த நாற்றத்தை அறிந்த, பயிற்சி பெற்ற, ஊதியம் பெறும் தொழிலாளியாக இருக்க வேண்டும். சாதியைத் துருவிக் கேட்கும் குரலாக அல்ல. கடும் நெருக்கடியில் அவர் மனநல மருத்துவரிடம் இணைக்கும் வழியும் தேவை. இதைத் தன்னார்வச் சேவை என்று சொல்லி இலவசமாக வாங்கிவிடும் சூழ்ச்சிக்கும் இடம் தரலாகாது.

கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்ய வண்டி அழைக்கத் தமிழகத்தில் 14420 என்ற எண் உண்டு. அந்த எண்ணுக்கு வரும் அழைப்பை ஏற்று வேலைக்குச் செல்பவர், விபத்தொன்றைக் கண்ட நாளில், ஊதிய இழப்பின்றி விடுப்பும் தன் தோழரிடம் பேச ஒரு மணி நேரமும் பெறுவார் என்று ஒப்பந்தத்திலேயே எழுதலாம். காரைக்குடி மாநகராட்சி தன் அடுத்த ஒப்பந்தத்திலிருந்தே இதைத் தொடங்கலாம்.