யாரை எங்கே ஆற்றுப்படுத்துகிறோம்?

நல்ல உணவு கிடைக்கும் இடத்தைச் சொல்லி வழிகாட்டுவது தமிழுக்குப் புதிதன்று. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். அவற்றுள் முருகனிடம் வழிப்படுத்தும் திருமுருகாற்றுப்படையைத் தனியே வைத்துவிட்டால், ஏனைய நான்கும் பசித்தவனிடம் பசியாறியவன் சொல்லும் வழிக்குறிப்புகளே. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்துச் சுட்ட மீனும் வேலூரின் புளிச்சோறும் ஆமூரின் நண்டும் அரிசிச் சோறும் நிலவரிசைப்படி வருகின்றன. எந்த ஊரில் எது கிடைக்கும் என்பதோடு அதை யார் சமைத்துத் தருவார்கள் என்பதையும் புலவர் சொல்லிவிடுகிறார். வகுப்பில் பல ஆண்டுகள் இதை ஓர் இலக்கிய வகைமையாக மட்டுமே நடத்தி வந்திருக்கிறேன். அது இன்றும் நாள்தோறும் இலட்சக்கணக்கில் எழுதப்படும் வகைமை என்பதைக் கொரியாவில் வாழ்ந்த காலத்தில்தான் எண்ணிப் பார்த்தேன்.

2023 செப்டம்பர் தொடங்கி ஓராண்டுக் காலம் சியோலில் வருகைதரு விரிவுரையாளனாக இருந்தேன். குடியிருந்தது ஹொங்கிக் பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள யொன்னம்தொங் என்னும் பகுதி. பழைய கியோங்கி இருப்புப்பாதையை நிலத்தடிக்குக் கொண்டுபோனபின் மேலே எஞ்சிய நிலத்தை 6.3 கிலோமீட்டர் நீளத்திற்குப் பூங்காவாக்கினார்கள். அதன் யொன்னம்தொங் பகுதி 2015 ஜூனில் திறக்கப்பட்டது. நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை இழுத்துவந்து 'யொன்ட்ரல் பார்க்' என்று இளைஞர்கள் அதற்குச் செல்லப்பெயரும் வைத்துவிட்டார்கள். அதற்குமுன் அது மாடிவீடுகள் நிறைந்த அமைதியான குடியிருப்பு. சீன வம்சாவளியினரின் உணவகங்களும், வாடகைக்கார் ஓட்டுநர்கள் உண்பதற்கென்றே அமைந்த சிறு சாப்பாட்டுக் கடைகளும் அங்கே பெயர்பெற்றவை. இன்றோ வீட்டின் கீழ்த்தளம் காப்பிக்கடையாகவும் மாடி இத்தாலிய உணவகமாகவும் மாறிய தெருக்கள்.

அந்தத் தெருக்களில் அயலான் ஒருவன் மாலையுணவுக்குப் போவது எளிதன்று. வாசலில் ஆளுக்குப் பதில் ஒரு தொடுதிரை நிற்கும். உள்நாட்டுக் கைப்பேசி எண்ணை அதில் பதிந்துவிட்டு, அழைப்பு வரும்வரை தெருவில் காத்திருக்கவேண்டும். முறை வந்து உள்ளே போனால் அடுத்த தடை: நடுவே அடுப்பு வைத்த மேசைகளில் பல உணவுகளுக்கு இரண்டு பேருக்கான அளவே குறைந்த அளவு. ஒருவனுக்கென்று கேட்டால் பணிவாகத் தலைகுனிந்து மறுப்பார்கள். இதைக் குறையாக நான் சொல்லவில்லை. கொரிய மொழியில் குடும்பத்தாரைக் குறிக்கும் 'சிக்கு' என்ற சொல்லின் நேர்ப்பொருள் 'உண்ணும் வாய்கள்'. சேர்ந்து உண்பவர்களே குடும்பம் என்று கருதும் பண்பாட்டில் பொதுச்சட்டியும் பொதுஅடுப்பும் இயல்பு. தனியாக உண்பதற்கு 'ஹொன்பாப்' என்று ஒரு புதுச்சொல் இந்தத் தலைமுறையில்தான் அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

தனியனுக்கு அங்கே உதவியவை பழைய ஓட்டுநர் கடைகள்தாம். ஓட்டுநர் எப்போதும் தனியாகத்தான் வருவார், விரைவில் உண்டு எழவேண்டும். ஆகவே ஒரு தட்டு ஒருவருக்கு என்பதே அங்கே விதி. சோறு, ஒரு சூப்பு, கிம்ச்சி, கீரை, சிறுமீன் வறுவல் என்று நான்கைந்து தொடுகறிகள், சில நாள் வறுத்த பன்றியிறைச்சி. நான் போய்வந்த நாள்களில் ஏறத்தாழப் பத்தாயிரம் வோனுக்குள் அடங்கிவிடும். தொடுகறி தீர்ந்தால் கேட்காமலே மீண்டும் வைப்பார்கள், அதற்குத் தனிக்காசு இல்லை. நம்மூர்க் கல்லூரிச்சாலை மெஸ்ஸில் உண்டு படித்தவர்களுக்கு இதைப்பற்றி விளக்கவேண்டியதில்லை. நான் வழக்கமாகச் சென்ற கடையை அறுபது வயது கடந்த ஓர் அம்மையார் நடத்திவந்தார். வாடிக்கையாளர் எல்லோருக்கும் அவர் 'இமோ'. அம்மாவின் உடன்பிறந்தாளை அழைக்கும் சொல் அது, நம் வழக்கில் பெரியம்மா, சித்தி. நான்காவது முறை போனபோது என் தட்டில் இறைச்சிக்குப் பதிலாக முட்டை இருந்தது. அந்த வார மாணவர் விருந்தில் நான் இறைச்சியைத் தவிர்த்ததை யாரோ ஒரு மாணவர் அவரிடம் சொல்லியிருக்கிறார். இருவருக்கும் பொதுமொழி இல்லாத நிலையில் நிகழ்ந்த உரையாடல் அதுதான்.

இந்தக் கடையைப்பற்றி எழுதும்படி நண்பர்கள் சிலர் கேட்டார்கள். பெயர், தெரு, கதவின் படம் ஆகியவற்றோடு. நான் எழுதவில்லை, இங்கும் எழுதப்போவதில்லை. இந்தக் கட்டுரை அதற்கான காரணத்தைப்பற்றியது.

கொரியாவில் நல்ல உணவகத்திற்கு 'மாட்ஜிப்' என்று பெயர், சுவைவீடு என்று மொழிபெயர்க்கலாம். சுவைவீடுகளைத் தேடிச்சென்று படத்தோடு எழுதுவது அங்கே பெருவழக்கு. அவற்றில் பலவற்றின் தலைப்பில் 'நெதொன்னெசான்' என்ற சொல் காணப்படும். என் பணம், நான் வாங்கியது என்று பொருள். கடைக்காரரிடம் இலவசமாக உண்டுவிட்டு எழுதவில்லை என்பதற்கான உறுதிமொழி அது. 2020ஆம் ஆண்டில் புகழ்பெற்ற காணொளியாளர்கள் பலர் விளம்பரத்தை மறைத்துப் பரிந்துரைத்தது வெளிப்பட்டுப் பெரும் சர்ச்சையாயிற்று. அவ்வாண்டு செப்டம்பர் முதல், பெற்ற பயனைத் தெளிவாக அறிவிக்கவேண்டும் என்ற நெறிமுறையும் நடைமுறைக்கு வந்தது.

இதைக் கேள்வியுற்றபோது எனக்குச் சங்கப் பாணன்தான் நினைவுக்கு வந்தான். அவன் தான் பெற்றதை மறைப்பதே இல்லை. வளம் பெற்றவன் பெறாதவனுக்கு அதை அறிவிப்பதே ஆற்றுப்படை என்பது தொல்காப்பியப் புறத்திணையியல் தரும் இலக்கணம். கொடையைப் பெற்றேன் என்பதே பாட்டின் முதற்பொருள். ஆகவே ஆற்றுப்படையின் நேர்மை 'என் காசில் உண்டேன்' என்பதில் இல்லை. யாரை, யாரிடம் அனுப்புகிறோம் என்பதில் இருக்கிறது. அனுப்பப்படுபவன் பசித்தவன். சிறுபாணாற்றுப்படையில் பாணன் வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த கீரையைக் கிள்ளி உப்பின்றி வேகவைத்து, ஊரார் காண நாணிக் கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்ணும் காட்சியைப் பயின்றவர்கள் மறக்கமாட்டார்கள். அவன் போய்ச்சேரும் இடமோ ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் அரண்மனை. நூறு பாணர் வந்தாலும் நல்லியக்கோடனுக்குக் குறைவில்லை, புகழே மிகும். ஆற்றுப்படுத்துவோன் இதை அறிந்தே அனுப்புகிறான்.

இன்று நாம் எழுதும் உணவுக்குறிப்பு இந்த இரண்டு முனைகளையும் தலைகீழாக்கிவிட்டது. வயிறு நிறைந்தவர்களை அனுப்புகிறோம். வருகின்ற கூட்டத்தாலேயே இடத்தை இழக்கக்கூடியவரிடம் அனுப்புகிறோம்.

இது மிகையான பேச்சு என்று தோன்றலாம். சியோலின் கியோங்னிதான்கில் என்ற தெருவின் வரலாற்றைச் சொல்கிறேன். 'கியோங்னிதான்' என்றால் கணக்குப் படைப்பிரிவு, 'கில்' என்றால் தெரு. தரைப்படையின் மத்தியக் கணக்குப் பிரிவு முன்பு அத்தெருமுனையில் இருந்ததால் வந்த பெயர். இதேவோன் மலைச்சரிவில் வாடகை குறைவாயிருந்த இத்தெருவில் 2010க்குப் பின் சிறு சமையற்காரர்கள் கடை வைத்தார்கள். எழுதினார்கள், கூட்டம் வந்தது, வாடகை ஏறியது. கடைகளை வளர்த்தவர்கள் வெளியேறினார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 'வாடகைக்கு' என்ற அறிவிப்புகள் தொங்கும் தெருவாக அது செய்திகளில் இடம்பெற்றது. ஆனால் பெயர் சாகவில்லை. மாங்வோனில் மாங்னிதான்கில், சொங்பாவில் சொங்னிதான்கில், பூசான் கடற்கரையில் ஹெரிதான்கில், பழைய சில்லா அரசின் தலைநகரான கியோங்ஜூவில் அரச சமாதிமேடுகளின் பக்கத்திலேயே ஹுவாங்னிதான்கில் என்று நாடெங்கும் அது ஒட்டிக்கொண்டது. கணக்கெழுதும் படைவீரர்களின் பெயர், 'உணவுக்குப் புகழ்பெற்ற புதுத்தெரு' என்று பொருள்தரும் விகுதியாகிவிட்டது. மொழியியல் மாணவருக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது.

என் குடியிருப்பிலிருந்து நடந்துசெல்லும் தொலைவில் இருப்பது மாங்வோன். அங்கே 2017இல் சிலர் கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். கோரிக்கை விந்தையானது: எங்கள் தெருவை மாங்னிதான்கில் என்று அழைக்காதீர்கள். புகழ்ப்பெயர் வந்தால் பின்னாலேயே வாடகையும் வரும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஒரு பெயர்ச்சொல்லின் பொருளாதாரத்தை இவ்வளவு துல்லியமாகப் புரிந்துகொண்ட மக்களை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. இந்த நிகழ்வைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு மாற்றாகக் கொரியத் தேசிய மொழி நிறுவனம் 2016இல் முன்வைத்த தொடர் 'துங்ஜி நெமொல்லிம்'. கூட்டிலிருந்து துரத்தப்படுதல் என்று பொருள்.

துரத்தப்படுதலின் கடுமைக்கு ஒரு சான்று. சியோலின் சோச்சொன் பகுதியில் பன்றிக்கால் உணவகம் ஒன்றிருந்த கட்டடம் 2016இல் கைமாறியது. மாத வாடகையை 29 இலட்சத்து 70 ஆயிரம் வோனிலிருந்து 1 கோடியே 20 இலட்சமாக உயர்த்தக் கோரினார் புதிய உரிமையாளர். வழக்கும் வெளியேற்ற முயற்சிகளுமாக நீண்ட பூசல், 2018 ஜூனில் உணவகக்காரர் உரிமையாளரைச் சுத்தியலால் தாக்குவதில் முடிந்தது. வன்முறையை எவரும் நியாயப்படுத்த முடியாது. ஆயினும் நாடு அதிர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பரில் வணிகக் கட்டட வாடகைச் சட்டம் திருத்தப்பட்டு, குத்தகையைப் புதுப்பிக்கக் கோரும் உரிமை மொத்தம் ஐந்து ஆண்டிலிருந்து பத்து ஆண்டாயிற்று. சட்டத்தின் பாதுகாப்புக்குள் வரும் கடைகளுக்கு ஒரு தடவையில் ஏற்றக்கூடிய வாடகை 5 விழுக்காடு என்ற வரம்பும் அதே ஆண்டுத் தொடக்கத்திலிருந்து உள்ளது.

நல்ல சட்டம்தான். ஆனால் அந்தப் பத்தாண்டு கடை தொடங்கிய நாளிலிருந்து எண்ணப்படுகிறது. இருபது ஆண்டாகச் சோறு போடும் கடைக்கு அந்த உரிமை என்றோ தீர்ந்துபோயிருக்கும். எது பழையதோ, எதைத் தேடி நாம் போகிறோமோ, அதற்கே பாதுகாப்பு குறைவு. நான் உண்ட கடையும் அத்தகையதே. நான் ஊர் திரும்பிய ஆறாம் மாதம் மாணவர் ஒருவர் எழுதினார்: கட்டடத்தைப் புதுப்பிக்கிறார்கள், இமோ கடையைக் காலிசெய்துவிட்டார், அவ்விடத்தில் உப்புரொட்டிக் கடை வந்திருக்கிறது, வாசலில் வரிசை நிற்கிறது. இமோ எங்கே போனார் என்று கேட்டேன். மகள் வீட்டுக்கு என்று மட்டும் பதில் வந்தது.

நான் எழுதாமல் விட்டதால் அக்கடை பிழைத்துவிடவில்லை என்று வாசகர் சுட்டிக்காட்டலாம். உண்மை. ஒரு கடையை மறைத்து வைத்தாலும் அத்தெருவின் புகழ் அதை எட்டிவிடும். எழுதாமலே விட்டால் ஆளில்லாமல் மூடப்படும் கடைகளும் உண்டு, கொரோனாக் காலம் அதை எல்லா நாட்டிலும் காட்டியது. ஆகவே உணவகங்களைப்பற்றி எழுதக்கூடாது என்பது என் கட்சியன்று. வாடகை என்பது சட்டத்தாலும் உள்ளாட்சியாலும் தீரவேண்டிய சிக்கல், எழுத்தாளன் மௌனத்தால் தீர்வதன்று. சொங்சுதொங் இருக்கும் சொங்தொங் வட்டம் 2015இலேயே இதற்கென நாட்டின் முதல் உள்ளாட்சி விதியை இயற்றிக் கட்டட உரிமையாளர்களோடு இணக்க ஒப்பந்தங்கள் செய்துவந்தது. அந்தச் சொங்சுதொங்கையே 2024இல் 'டைம் அவுட்' இதழ் உலகின் ஈர்ப்புமிக்க பகுதிகளில் நான்காவதாக அறிவித்தது. உள்ளாட்சி அணை கட்டும்போதே பட்டியல்காரர்கள் மடையைத் திறந்துகொண்டிருக்கிறார்கள்.

நான் கேட்பது ஒன்றே. பரிந்துரைக்கிறவன் வெறும் பார்வையாளன் அல்லன், அந்தத் தெருவின் கணக்கில் அவனும் ஒரு பங்காளி. ஆகவே எழுதுவதற்குமுன், நான் அனுப்பும் கூட்டத்தை இந்த இடம் தாங்குமா என்று அவன் கேட்டுக்கொள்ளவேண்டும். கட்டடம் சொந்தமா, வாடகையா? பத்து மேசை உண்டா, நான்கா? சமைப்பவருக்குத் துணைக்கு ஆள் உண்டா? ஓட்டுநர்களும் முதியவர்களும் நாள்தோறும் உண்ணும் நாற்காலியில் என் வாசகர் படம் எடுக்க உட்கார்ந்தால் அவர்கள் எங்கே போவார்கள்? தாங்கும் என்றால் பெயரோடு எழுதலாம். தாங்காது என்றால் அந்த உணவைப்பற்றி, அதைச் சமைக்கும் கையைப்பற்றி, அந்த ஏற்பாட்டின் நியாயத்தைப்பற்றி எழுதலாம். பெயரும் வரைபடமும் இல்லாமலும் அது நல்ல எழுத்தாகவே இருக்கும்.

நம் நகரங்களிலும் பழைய மெஸ்களைத் தேடிப்பிடித்துக் காணொளியாக்கும் வழக்கம் பெருகிவருகிறது. செய்கிறவர்கள் பெரும்பாலும் அன்பினால்தான் செய்கிறார்கள். நல்லியக்கோடனைப் பாடிய புலவர், தாங்கக்கூடிய வாசலுக்கே பாணனை அனுப்பினார். நான்கு மேசை வைத்திருக்கும் ஒருவரின் வாசலுக்கு ஆயிரம் பேரை அனுப்பும்முன் அந்த அளவு கவனமாவது நமக்கு வேண்டாமா?