பிழைத்தவர் நலமானவரா?



2020 ஏப்ரல் 1-ஆம் நாள் தாராவியில் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். அன்றே அவர் இறந்தும் போனார். இரண்டரைச் சதுரக் கிலோமீட்டருக்கும் குறைந்த நிலத்தில் ஏறத்தாழ பத்து லட்சம் உழைப்பாளி மக்கள் நெருங்கி வாழும் பகுதி இது. நூற்றுக்கணக்கானோர் ஒரே பொதுக் கழிப்பிடத்தை நம்பியிருக்கும் பகுதி. தாராவி தீர்ந்தது என்றே நாடு எண்ணியது. ஆனால் மாநகராட்சி ஊழியர்களும், குடிசைப் பகுதி மருத்துவர்களும், தெருவுக்குத் தெரு உணவு வழங்கிய தொண்டர்களும் நோயை மடக்கிப் பிடித்தனர். அதே ஆண்டு ஜூலை 10-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைவர் தெட்ரோஸ், தாராவியைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். அந்தப் பாராட்டில் நமக்கும் பங்குண்டு.

அந்நாளில் தினமும் மூன்று கணக்குகள் வெளியாயின: நோயுற்றோர், இறந்தோர், குணமடைந்து வீடு திரும்பியோர். மூன்றாவது கணக்கைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது. வீடு திரும்பியவர் எல்லாரும் குணமடைந்தவர்தாமா?

2020 மே 8-இல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட விதிப்படி, காய்ச்சல் தணிந்து, மூச்சு சீராகி, பத்து நாள் கழிந்தால் இலேசான, நடுத்தரமான நோயாளிகளை மறு பரிசோதனையின்றியே வீட்டுக்கு அனுப்பலாம். அடுத்த நோயாளிக்குப் படுக்கை வேண்டும்; எனவே அந்த விதியை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் அதன் பொருள் என்ன? இவருக்கு இனி மருத்துவமனைப் படுக்கை தேவையில்லை என்பதுதான். இவர் நாளையே மூட்டை தூக்கலாம் என்பதல்ல.

நோய் போன பின்னும் மாதக்கணக்கில் தொடரும் துன்பத்துக்கு 2021 அக்டோபரில் உலகச் சுகாதார நிறுவனமே இலக்கணம் வகுத்தது. அடங்காத அசதி, நாலு படி ஏறினால் மூச்சிரைப்பு, ஞாபகக் குழப்பம் ஆகியவை அதன் முக்கிய அடையாளங்கள். தூக்கமின்மையும் நெஞ்சுப் படபடப்பும் பலருக்கு உண்டு. நன்றாக இருப்பதாக எண்ணி ஒருநாள் முழுக்க உழைத்தால் அடுத்த இரண்டு நாள் எழ முடியாமல் போவதும் இந்நோயின் குணமே. அதைச் சோம்பல் என்று ஏசுவது அறியாமை.

"ஓய்வெடுங்கள்" என்று மருத்துவர் சொல்லிவிடுகிறார். ஓய்வுக்குக் கூலி தருபவர் யார்? ஈ.எஸ்.ஐ.யில் சேர்ந்த தொழிலாளிக்கு, உரிய காலம் சந்தா கட்டியிருந்தால், நோய் விடுப்பில் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும். தாராவியின் தோல் பட்டறையில், 13-ஆம் காம்பவுண்டின் பிளாஸ்டிக் தரம் பிரிப்பில், விடியுமுன் இட்லிப் பானையைத் தலையில் சுமந்து புறப்படும் வியாபாரத்தில், மாட்டுங்காவின் வீட்டு வேலையில் எத்தனை பேருக்கு ஈ.எஸ்.ஐ. அட்டை உண்டு? ஆகவே நம்மவர் நுரையீரல் ஆறுமுன்னே தூசிக்கும் புகைக்கும் திரும்பினார்கள்.

2020 ஜூலையில் நடந்த இரத்த ஆய்வில் மாட்டுங்கா, செம்பூர், தகிசர் வட்டாரக் குடிசைப் பகுதிகளில் 57 விழுக்காட்டினர் உடலில் நோய் வந்து போன தடயம் இருந்தது. குடிசையல்லாத இடங்களில் 16 விழுக்காடுதான். அந்த 57 பேரில் மிகப் பெரும்பாலோர் மருத்துவமனையையே பார்த்ததில்லை; அவர்கள் கையில் எந்தச் சீட்டும் இல்லை.

அதே மாதம், நோயிலிருந்து மீண்ட தாராவி மக்கள் பிறரைக் காப்பாற்றப் பிளாஸ்மா தர முன்வந்தார்கள். அந்தச் சிகிச்சையால் பெரும்பயன் இல்லை என்று பின்னர் தெரிந்து கைவிட்டார்கள். கொடுத்தவர்களின் மனம் பொய்யல்ல. நகரம் கேட்டபோது இரத்தம் தந்தவரிடம், "உன் மூச்சு இப்போது எப்படி?" என்று நகரம் திரும்பக் கேட்டதா?

உச்ச நீதிமன்றத்தின் 2021 ஜூன் 30 தீர்ப்பின் பயனாக, கொரோனாவால் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் கிடைத்தது. நல்லது. ஆனால் பிழைத்தும் உழைக்க முடியாமல் போனவரின் குடும்பத்துக்கு? ஒரு காசும் இல்லை. மறுசீரமைப்பின் பேரால் 2024-இலிருந்து தாராவியில் வீட்டுக் கதவுகளுக்கெல்லாம் எண் எழுதினார்கள். அந்தக் கதவுகளுக்குள் மூச்சிரைப்போடு கிடப்பவர் எத்தனை பேர் என்று எண்ணியவர் யார்?

எனவே மாநகராட்சியை நாம் கேட்பது மூன்று. ஒன்று: 2022-இல் தொடங்கிய 'ஆப்லா தவாகானா' மருந்தகங்களிலேயே, கூலி வேலை முடிந்து வரக்கூடிய மாலை வேளையில், மீண்டவர்களுக்கு மறுபரிசோதனை செய்ய வேண்டும். ஆறு நிமிடம் நடக்கவைத்து விரலில் ஆக்சிமீட்டர் பார்க்கப் பெருஞ்செலவு ஆகாது. இரண்டு: ஸ்டீராய்டு மருந்து எடுத்தவருக்குச் சர்க்கரைச் சோதனையும், இருமல் விடாதவருக்குக் காசநோய்ச் சோதனையும் கட்டாயமாகச் செய்ய வேண்டும். மூன்று: அட்டை இல்லாத தொழிலாளிக்கும் நோய்க்காலக் கூலி கிடைக்கும்படி மாநில அரசை மாநகராட்சி வற்புறுத்த வேண்டும்.

இத்தனை ஆண்டு கழித்து இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். அன்று விழுந்தவர்களில் இன்னும் எழாதவர் உண்டு. மேலும் நிமோனியாவோ டெங்கியோ காசநோயோ வந்து சயான் மருத்துவமனையிலிருந்து இன்று வீடு திரும்புகிறவருக்கும் இதே கதைதான்.

குடும்பத்தாருக்கும் ஒரு சொல். மருத்துவமனைச் சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். ஊருக்குப் போனாலும் உடன் கொண்டு செல்லுங்கள். முதலில் அரை நாள் வேலை, உடல் தாங்கினால் பிறகு முழு நாள் என்று படிப்படியாக ஏறட்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளியைச் சோதியுங்கள். அரசு மருத்துவமனையில் அதற்குக் காசில்லை. நெஞ்சு வலித்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்காதீர்கள். தெம்பு ஊசி, குளுக்கோஸ் பாட்டில் என்று கூலிப் பணத்தைக் கரைக்காதீர்கள்.

ஊருக்கு மணியார்டர் அனுப்பிய தலைமுறையும், இன்று கைப்பேசியில் பணம் அனுப்பும் தலைமுறையும் விற்கக்கூடிய ஒரே சரக்கு தம் உடல் உழைப்புத்தான். அந்த உடல் பழுதானால் திருநெல்வேலியிலும் ஓர் அடுப்பு அணையும். சாவிலிருந்து மீட்டது பாதி வேலை. மீண்டவரை மீண்டும் உழைக்கும் நிலைக்குக் கொண்டுவருவது மறுபாதி. அந்த மறுபாதியைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை. ஒன்றுபட்டுக் கேட்போம்!