பெட்டியின் மேல் எழுதியிருப்பது என்ன?



தஞ்சையில் நாம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மளிகை மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. அப்படிப்பட்ட நாம், "அரபி எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று எழுதினால் சிலருக்குச் சிரிப்பு வரலாம். பட்ட பாடுதான் எழுத வைக்கிறது.

2018-ம் ஆண்டு நோன்பு மாதத்துக்கு முன் வெளியூர் வியாபாரி ஒருவரிடம் நாற்பது பெட்டி பேரீச்சம்பழம் கொள்முதல் செய்தோம். பெட்டி மேல் ஆங்கிலத்தில் தேதி போட்ட சீட்டு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்துத் திருப்தியாகி, சில்லறைக் கடைகளுக்கு அனுப்பிவிட்டோம். நான்காம் நாள் பாபநாசம் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் பெட்டியோடு வந்து, "என்ன முதலாளி, பழம் புளிப்பு அடிக்குதே" என்றார். சீட்டை உரித்துப் பார்த்தால், அடியில் அரபியில் வேறு தேதி அச்சாகியிருந்தது. கணக்குப்பிள்ளைக்கும் புரியவில்லை, நமக்கும் புரியவில்லை. பக்கத்துக் கடை பாயின் பேரன், எட்டாவது படிக்கிற பிள்ளை, ஒரு பார்வையில் சொன்னான்: "தாத்தா, இது போன வருஷம் ஆறாம் மாசமே முடிஞ்சுபோச்சு."

அத்தனை பெட்டியையும் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்தோம். சரக்கு கொடுத்தவரோ, "எடுக்கும்போதே பார்த்திருக்க வேண்டியதுதானே?" என்று கையை விரித்துவிட்டார். அவர் செய்தது மோசடி. ஆனாலும் அந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை. போன பணம் வந்துவிடும். கடைக்காரரிடம் போன நாணயம் லேசில் வராது.

அதன்பின் பாயிடமே பாடம் கேட்டோம். முதலில் எண்கள். மொத்தம் பத்துதான், ஒரு மாலைப் பொழுது போதும். அரபியில் சுழியம் வெறும் புள்ளி. நாம் சுழியம் என்று நினைக்கும் வட்டம் ஐந்து. நம் 7 போல இருப்பது ஆறு. ஆங்கில 'வி' போல இருப்பது ஏழு; அதைக் கவிழ்த்தால் எட்டு. இது தெரியாதவர் 15-ஐப் பத்து என்று படிப்பார். எழுத்து வலமிருந்து இடம் போனாலும், எண்ணை நம்மைப் போல இடமிருந்து வலமாகவே படிக்க வேண்டும்.

எழுத்துகள் 28. ஒரே ஓடம் போன்ற வடிவத்தில் கீழே ஒரு புள்ளி வைத்தால் 'ப', மேலே இரண்டு வைத்தால் 'த'. சேர்த்து எழுதும்போது உருவம் மாறும். குறில் ஓசைகளைப் பெரும்பாலும் எழுதமாட்டார்கள். ஆகவே புத்தகம் படிக்கும் புலமை நமக்கு வராது. பெட்டியிலும் மூட்டையிலும் உள்ள பத்திருபது சொற்களை அடையாளம் கண்டால் போதும், கடைக்கு அது பெரிய காவல்.

இது அந்நிய மொழி என்று ஒதுக்க வேண்டாம். நம் பேரேட்டில் தினமும் எழுதும் வசூல், பாக்கி, அசல், நகல் எல்லாம் அரபியிலிருந்து வந்த சொற்கள்தாம். குறுவையில் என்ன மகசூல் என்று கேட்கிறோமே, அந்த மகசூலும் அப்படியே. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நம் முன்னோர் தமிழையே அரபி எழுத்தில் எழுதி, அரபுத்தமிழ் என்று நூல்கள் செய்தார்கள்.

"கைபேசியில் காட்டினால் அதுவே மொழிபெயர்த்துத் தருமே" என்பார்கள். தரும். ஆனால் ஒட்டிய சீட்டுக்கு அடியில் வேறு தேதி இருக்கிறது என்று அது சொல்லாது. அச்சு மங்கியிருந்தால் ஐந்தையும் சுழியத்தையும் மாற்றிச் சொன்னாலும் கண்டுபிடிக்க நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் மட்டுமல்ல, டெல்டாவின் எத்தனையோ ஊர்களிலிருந்து பிள்ளைகள் வளைகுடாவுக்குப் போகிறார்கள். நம் கடைகளில் பற்று வைத்திருக்கும் வீடுகளின் பிள்ளைகளே அவர்கள். 2005-ல் வந்த சவுதி தொழிலாளர் சட்டப்படி, வேலை ஒப்பந்தத்தில் வேறு மொழியும் இருந்தால் அரபியில் உள்ளதே செல்லும். ஆங்கிலத்தில் ஒரு சம்பளம், அரபியில் ஒரு சம்பளம் என்றிருந்தால் தொகையையாவது படிக்கத் தெரிந்த பிள்ளை கையெழுத்துப் போடுமுன் ஒரு கேள்வி கேட்பான்.

தஞ்சையில் 1855 வரை மராட்டிய மன்னர்கள் இருந்தார்கள். அவர்கள் காலத்து மோடி எழுத்துக் கணக்குகள் சரசுவதி மகாலில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. படிப்பவர்கள் சிலர்தான். எழுத்து தெரியாவிட்டால் நம் ஊர்க் கணக்கே நமக்கு ஊமையாகிவிடுகிறது.

எனவே நம் சங்கம் ஒன்று செய்யலாம். பத்து எண்களையும், தயாரிப்புத் தேதி, முடிவுத் தேதி, எடை என்ற சொற்களையும் ஓர் அட்டையில் அச்சிட்டு, ஒவ்வொரு கடையிலும் தராசுக்குப் பக்கத்தில் மாட்டலாம். அரபி ஓதத் தெரிந்த உறுப்பினர்கள் நம்மிடையே நிறைய உண்டு. வாரம் ஒரு மாலை அவர்களே சொல்லித் தரலாம். எடை சரியா என்று பார்க்காமல் நாம் மூட்டை இறக்குவதில்லை. எழுத்தையும் அப்படியே பார்த்து இறக்குவோம்.