மூட்டை கட்டும் வாரம்

தேர்வு முடியும் நாள் நெருங்கிவிட்டால் நம் விடுதிகளில் இப்போதெல்லாம் புதியதொரு பேச்சு கிளம்பிவிடுகிறது. "எந்த ரயிலில் ஊருக்குப் போகிறாய்?" என்று கேட்ட காலம் போய், "எந்த நாட்டுக்குப் போகிறாய்?" என்று கேட்கும் காலம் வந்திருக்கிறது. நேபாளத்து மலைப்பாதை என்கிறார் ஒருவர். வியட்நாம், கம்போடியா என்று இரண்டு மாதம் சுற்றப் போகிறேன் என்கிறார் மற்றொருவர். முதுகில் ஒரு பை, மலிவான விடுதியில் ஒரு கட்டில், பஸ்ஸிலும் ரயிலிலும் பயணம். செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியதாக இருந்த வெளிநாட்டுப் பயணம், சிக்கனமாக வாழத் தெரிந்த மாணவர்களுக்கும் எட்டியிருக்கிறது. இதை வரவேற்காமல் இருக்க முடியுமா? தில்லியில் வாழும் நமக்குச் சென்னையைவிடக் காத்மாண்டு பக்கம் அல்லவா!

ஊர் சுற்றுவது தமிழனுக்குப் புதிதும் அன்று. காந்தியடிகளைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று புறப்பட்ட ஏ. கே. செட்டியார், நாடு நாடாக அலைந்து, அங்கங்கே கிடந்த படச்சுருள்களைத் தேடித் திரட்டினார். 1940-ஆம் ஆண்டில் அந்தப் படம் வெளிவந்தது. ஆகவே, போகாதீர்கள் என்று சொல்ல இக்கட்டுரை எழுதப்படவில்லை. என் குறை, பயணத்துக்கு முந்திய கடைசி வாரத்தைப் பற்றியது.

அந்த வாரம் எப்படிக் கழிகிறது? கடைவீதியில் கழிகிறது. புதுக் காலணி, மழைச்சட்டை, பூட்டு, கைவிளக்கு, ஊதினால் தலையணையாகும் பை என்று ஒவ்வொன்றாக வாங்கிக் குவிக்கிறோம். வாங்க வாங்க, ஆயத்தமாகிவிட்டோம் என்று மனம் நம்பத் தொடங்குகிறது. அள்ளித் தெளித்த அவசரக் கோலம் என்பார்களே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுவதில்லை. காசு கொடுத்து வாங்கும் பொருளைப் போகிற ஊரிலும் வாங்கலாம். அங்கே வாங்க முடியாதவை சில உண்டு. கடைசி வாரம் அவற்றுக்கே உரியது என்பது என் கருத்து.

முதலாவது, தாள்கள். இவற்றுள் சில, வாரத்துக்கும் அடங்காதவை. அவற்றுக்கென்று தனிக் கெடு உண்டு. பாஸ்போர்ட்டு இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு விசா கேட்போர், பயணத்துக்கு 15 நாட்களுக்கு முன்பாகவேனும் விண்ணப்பிக்க வேண்டும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் காட்ட வேண்டும். கென்யா, உகாண்டா போன்ற நாடுகளுக்குச் செல்வோர் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அரசு அங்கீகரித்த நிலையங்களில் மட்டுமே அதற்குச் சான்று கிடைக்கும். ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பிறகே அந்தச் சான்று செல்லும். சான்றில்லாமல் அந்நாடுகளிலிருந்து திரும்பினால், நம் நாட்டிலேயே 6 நாள் வரை தனித்து வைக்கப்படலாம். புறப்படுவதற்கு முந்திய நாள் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அந்தப் பத்து நாட்களை வாங்க முடியுமா?

தமிழர்களாகிய நமக்கென்றே ஒரு சிக்கலும் இருக்கிறது. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தே தலைப்பெழுத்து. பள்ளிச் சான்றில் ஒரு வகை, பாஸ்போர்ட்டில் ஒரு வகை, விமானச் சீட்டில் மற்றொரு வகை என்று ஒரே ஆள் மூன்று பேராக நிற்பதுண்டு. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. இரண்டாம் பக்கத்தில் தந்தையின் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பின்னர் தெளிவுபடுத்தியது. சீட்டை எடுத்துப் பாஸ்போர்ட்டின் அருகில் வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தைக் கடைசி வாரத்தில் செலவிட்டால், விமான நிலையத்தில் கண்ணீர் விட நேராது.

பணத்துக்கும் இதே கதைதான். 2020-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிதாகத் தரப்படும் வங்கி அட்டைகள் உள்நாட்டுப் பயனுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டில் பயன்படுத்த வேண்டுமானால் உரியவரே அதைத் திறந்துவிட வேண்டும். வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் நம் இந்திய எண்ணுக்குத்தான் வரும். அங்கே போய் வேறு சிம் போட்டு, பழையதைக் கழற்றி எறிந்தவன், பணம் இருந்தும் ஏழையாக நிற்பான்.

இரண்டாவது, பாரம். கட்டுச்சோறு எத்தனை நாளைக்கு? பையின் எடை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டலாகாது என்பது மலையேறிகளின் பொது வழக்கு. பல விமான நிறுவனங்களில் கையோடு கொண்டு செல்ல 7 கிலோ தான் அனுமதி. ஆகவே கடைசி வாரத்தில் பையை ஒருமுறை நிரப்புங்கள். நிரப்பிய பையைத் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் நடந்து வாருங்கள். வந்ததும், எதை விட்டுவிட வேண்டும் என்று தோளே சொல்லிவிடும். புதுக் காலணியையும் அந்த நடையிலேயே பழக்கிவிடலாம். மலைமேல் கொப்புளம் வந்தால் இறக்கித் தூக்க ஆள் இல்லை.

விட்டுவிட வேண்டியவற்றில் அம்மாவின் அன்பும் சில வேளை சேர்ந்துவிடுகிறது. ஊரிலிருந்து வரும் மசாலாப் பொடியில் கசகசா இருக்கும். நமக்கு அது குருமாவின் சுவை. சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் அது தடை செய்யப்பட்ட பொருள். கோடீன் கலந்த இருமல் மருந்தும் சில நாடுகளில் அப்படியே. மருந்து எதுவாயினும் மருத்துவர் சீட்டோடு கொண்டு போங்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். அடுப்புக்கான எரிவாயுக் குப்பியை விமானத்தில் எங்குமே வைக்கக் கூடாது.

மூன்றாவதே முக்கியமானது, அதைத்தான் நாம் அடியோடு மறந்துவிடுகிறோம். வீட்டுக்குச் சொல்வது! பெற்றோர் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார்கள். மகன் விடுதியில் இருப்பதாக அவர்கள் எண்ணிக்கொண்டிருக்க, அவன் லாவோஸில் படகேறிக்கொண்டிருப்பான். மாணவியர் சிலர், சொன்னால் தடுத்துவிடுவார்கள் என்பதற்காகவே சொல்லாமல் போகிறார்கள். அந்த அச்சத்தை நான் பழிக்கமாட்டேன். அண்ணன் போனால் பெருமை, தங்கை போனால் கவலை என்று பேசும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. ஆயினும் எவருக்குமே தெரியாமல் போவது வீரமாகாது. வீட்டில் சொல்ல முடியாவிட்டால் அக்காளிடம் சொல்லுங்கள். அவரிடமும் முடியாவிட்டால் அறைத்தோழியிடம் சொல்லுங்கள்.

சொல்வதையும் தாளில் எழுதிக் கொடுங்கள். தமிழில் எழுதிக் கொடுங்கள். ஆங்கிலத்தில் அச்சடித்த பயணத்திட்டத்தை வைத்துக்கொண்டு, தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்த தாய் என்ன செய்வார்? எந்தத் தேதியில் எந்த ஊர், பாஸ்போர்ட்டு எண் என்ன, காப்பீட்டு நிறுவனத்தின் தொலைபேசி எது, அந்த நாட்டிலுள்ள நம் தூதரகத்தின் எண் எது, இங்கே யாரைக் கூப்பிடலாம் என்று ஒரு பக்கத்தில் அடக்கிவிடலாம். இன்னொரு வரியும் சேர்த்துவிடுங்கள்: எத்தனை நாள் செய்தி வராவிட்டால் கவலைப்படத் தொடங்கலாம் என்பது. மலைப்பாதையில் நான்கு நாள் தொலைபேசி எட்டாது என்று முன்பே தெரிந்த தாய், நான்கு இரவும் உறங்குவார்.

இது வெறும் மன ஆறுதலுக்காகச் சொல்வதன்று. வெளிநாட்டில் பாஸ்போர்ட்டைத் தொலைத்தவனுக்குப் போலீஸ் புகாரும் தூதரகமும்தான் கதி. தூதரகம் தரும் அவசரச் சான்று, இந்தியாவுக்குத் திரும்ப மட்டுமே பயன்படும் ஒருவழிச் சீட்டு. அந்த நேரத்தில் ஊரில் ஒரு நகல் இருப்பது எத்துணை உதவி! வெளிநாட்டில் சிக்கியவர்களுக்காகக் குறை பதிவு செய்ய, வெளியுறவு அமைச்சகம் 2015-இல் 'மதத்' என்ற இணைய ஏற்பாட்டைத் தொடங்கியது. பதிவு செய்வதற்கும் விவரம் தெரிந்த ஒருவர் இங்கே இருக்க வேண்டுமே!

"எல்லாவற்றையும் எழுதி வைத்துவிட்டுப் போனால் அது பயணமா? கால் போன போக்கில் போவதல்லவா இன்பம்?" என்று நண்பர்கள் கேட்பார்கள். கால் போன போக்கில் தாராளமாகப் போகட்டும். தாள்கள் ஒழுங்காகவும், பை இலகுவாகவும், வீடு நிம்மதியாகவும் இருப்பவனுக்குத்தான் கால் தன் போக்கில் போகும். மற்றவனின் கால், வங்கியையும் காவல் நிலையத்தையும் தேடித்தான் போகும்.

நம் மன்றத்துக்கும் ஒரு வேண்டுகோள். மன்ற அறையில் ஓர் அலமாரி ஒதுக்குவோம். போய்வந்தவர்கள் தங்கள் முதுகுப்பையையும் மழைச்சட்டையையும் அதில் வைக்கட்டும். போகிறவர்கள் எடுத்துச் செல்லட்டும். கடையில் கொட்டும் பணம் மிஞ்சினால், வசதி குறைந்த நண்பர் ஒருவருக்கு அது பாதிப் பயணம். அதே அலமாரியில், போகிறவரின் தாளும் ஒட்டிய உறைக்குள் இருக்கட்டும். சுகமாகத் திரும்பினால் பிரிக்காமல் அவர் கையிலேயே கொடுத்துவிடுவோம். இடர் நேர்ந்தால், பெற்றோரோடு தமிழில் பேசவும் அதிகாரிகளுக்கு எழுதவும் இங்கே நாலு பேர் இருப்போம். பொங்கல் விழாவுக்கும் பேச்சுப் போட்டிக்கும் கூடுகிற மன்றம், இதற்கும் கூடலாகாதா?

அடுத்த விடுமுறைக்குள் அந்த அலமாரி வந்துவிட வேண்டும். நண்பர்களே, உலகம் பெரிது, சென்று பாருங்கள். சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.