பிள்ளையின் கையில் கயிறு கட்டியது யார்?

"பள்ளிக்கூடத்துப் பையன்கள் இன்று அடித்துக்கொள்வார்கள், நாளை கூடிக்கொள்வார்கள். பெரியவர்கள் இதில் தலையிடலாமா?" ஊர்ப் பிரமுகர்கள் இப்படிப் பேசுகிறார்கள். கேட்பதற்கு நியாயம் போலவே தோன்றும். பம்பரத்துக்காகவும் பந்துக்காகவும் பிள்ளைகள் அடித்துக்கொள்வது உண்மை. மறுநாளே ஒரு மாங்காயை ஆளுக்கொரு கடி கடிப்பதும் உண்மை. அது சண்டை. ஆனால் பலர் கூடி ஒருவனையே தினந்தோறும் மிரட்டுவதும், அவன் காசைப் பிடுங்குவதும், அவனை ஏவலாளாக்குவதும், பிறப்பைச் சொல்லி ஏசுவதும் சண்டையா? சண்டையில் இரண்டு பேர் கை ஓங்குவார்கள். இங்கே ஓங்குகிற கை ஒரு பக்கம். வாங்குகிற முதுகு மறு பக்கம். இதற்குப் பெயர் கொடுமை!

நாங்குநேரியை மறக்க முடியுமா, தோழர்களே? 2023 ஆகஸ்ட் 9ஆம் தேதி இரவு, ஒடுக்கப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்த 12ஆம் வகுப்பு மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் வெளியூர் ரவுடிகள் அல்ல. வள்ளியூரில் அவனோடு ஒரே பள்ளியில் படித்த சிறுவர்கள்! அவன் செய்த குற்றம் என்ன? தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போகாமல் நின்றான். காரணம் கேட்டபோது உண்மையைச் சொன்னான். அவ்வளவுதான். சிகரெட் வாங்கி வா என்று ஏவியதில் தொடங்கிய கொடுமை அரிவாளில் வந்து முடிந்தது. அந்தப் பிள்ளை அடுத்த ஆண்டே பரீட்சை எழுதி 600க்கு 469 மார்க் வாங்கினான். அவன் வீரன். ஆனால் படிப்பதற்கு ஒரு பிள்ளை வீரனாக இருந்தாக வேண்டும் என்றால், அது என்ன நாடு?

ஏன் இந்தப் பிள்ளைகள் இப்படி ஆனார்கள்? சினிமா கெடுத்தது, செல்போன் கெடுத்தது என்கிறார்கள் சிலர். செல்போன் பிறப்பதற்கு எத்தனையோ காலம் முன்பே டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்ததே! அதை எந்தச் செல்போன் கற்றுக் கொடுத்தது?

கொடுமை செய்கிற பையன் யாரைத் தேர்ந்தெடுக்கிறான் என்று பாருங்கள். தன்னைவிடப் பலசாலியையா? பண்ணையார் மகனையா? போலீஸ் அதிகாரி மகனையா? கிடையாது. அடித்தால் கேட்க நாதியற்றவன் என்று ஊர் யாரைக் காட்டியதோ, அவனைத்தான் தேர்ந்தெடுக்கிறான். எழுபது வயதுப் பெரியவரை, அவர் குடியிருக்கும் தெருவைக் கொண்டு, இருபது வயது வாலிபன் "ஏலே" என்று கூப்பிட்டதை இவன் ஐந்து வயதில் கேட்டவன். மில்லில் சூப்பர்வைசரிடம் வசவு வாங்கிய தகப்பன், அந்தக் கோபத்தை வீட்டில் மனைவி முதுகிலும் மகன் முதுகிலும் இறக்கியதைப் பார்த்தவன். மேலே இருப்பவனிடம் வாங்கியதைக் கீழே இருப்பவன் மீது இறக்குவதே உலக நியாயம் என்று படித்துவிட்டான். அடிபட்ட பிள்ளைகள் எல்லாம் அடிப்பவர்களாவதில்லை. ஆனால் இவனை அடிக்கலாம் என்று ஊரே அனுமதி கொடுத்துவிட்டால், ஓங்கிய கையை எது தடுக்கும்?

அந்த அனுமதிச் சீட்டுதான் மணிக்கட்டில் தொங்கும் வண்ணக் கயிறு! ஜாதிக்கொரு நிறம். பையனின் பெயர் தெரிவதற்கு முன் அவன் ஜாதி தெரிந்துவிடுகிறது. இந்த வழக்கத்தைத் தடுக்கச் சொல்லி 2019இல் பள்ளிக் கல்வித் துறையே சுற்றறிக்கை விட்டது. உடனே எழுந்தது கூச்சல், மதத்தில் கை வைக்கிறார்கள் என்று! பழைய நடைமுறையே தொடரும் என்று அன்றைய அமைச்சர் பின்வாங்கினார். நான்கே ஆண்டுகளில் நாங்குநேரி நடந்தது.

இதற்கு மருந்தாகச் சிலர் சொல்வது என்ன? "வாத்தியார் கையில் பிரம்பைத் திருப்பிக் கொடு!" பள்ளியில் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. சட்டம் கிடக்கட்டும், பிரம்பு எதைக் கற்பிக்கும்? வலியவன் மெலியவனை அடிக்கலாம் என்பதைத்தானே! அதைத்தான் இவன் ஏற்கெனவே நன்றாகப் படித்து வைத்திருக்கிறானே!

"பிடித்து உள்ளே தள்ளு" என்கிறார்கள் வேறு சிலர். குற்றத்துக்குச் சட்டப்படி பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். வெட்டுப்பட்டவனுக்கு நியாயம் வழங்காமல் கட்டப் பஞ்சாயத்தில் "சமாதானம்" பேசுவது அயோக்கியத்தனம். ஆனால் சிறுவனை மட்டும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால், அவன் கையில் கயிறு கட்டியவர்கள் வெளியே அடுத்த கையைத் தேடுவார்கள். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே, பரீட்சைக்குப் போய்க்கொண்டிருந்த 11ஆம் வகுப்பு மாணவனைப் பேருந்திலேயே வெட்டி விரல்களைத் துண்டித்தார்களே, அது எதைக் காட்டுகிறது?

நாங்குநேரிக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு கமிட்டி 2024 ஜூனில் ரிப்போர்ட் கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் ஜாதி கூடாது. கயிறு, மோதிரம், நெற்றிக் குறி என ஜாதி அடையாளம் எதுவும் கூடாது. எந்த வட்டாரத்தில் எந்த ஜாதி மேலோங்கி நிற்கிறதோ, அதே ஜாதியாரை அங்கே கல்வி அதிகாரியாகவும் தலைமை ஆசிரியராகவும் போடக் கூடாது. 500 பேருக்கு மேல் படிக்கும் பள்ளியில் மாணவர் நலனுக்குத் தனி அலுவலர் வேண்டும் என்று சிபாரிசு செய்தது. சர்க்காருக்குக் கமிட்டி போடுவது சுலபம். அந்தச் சிபாரிசுகள் நம் பிள்ளை படிக்கும் பள்ளிக்கு வந்து சேர்ந்தனவா என்று வாசலில் நின்று கேட்பது நம் வேலை.

இன்னொரு வேலை நம் வீட்டுக்குள் இருக்கிறது. இரண்டு பையன்களின் தகப்பன்மாரும் ஒரே வயலில் நாற்று நடுகிறவர்கள், ஒரே ஷிப்டில் வியர்வை சிந்துகிறவர்கள். ஒருவன் பிள்ளை ஆஸ்பத்திரிக்கும் மற்றவன் பிள்ளை சீர்திருத்தப் பள்ளிக்கும் போன பிறகு, கூலி உயர்வு கேட்க இவர்கள் ஒன்றாக நிற்பார்களா? ஆதாயம் யாருக்கு? கயிறு விநியோகித்த பிரமுகரின் மகன் கையில் அரிவாள் இல்லை. அவன் பட்டணத்தில் பத்திரமாகப் படிக்கிறான்!

ஆகவே தோழர்களே, அடிபட்ட பிள்ளை வாய் திறந்தால், அவன் தாயைத் தனியாகப் பள்ளிக்கு அனுப்பாதீர்கள். தெருவைப் பாராமல் பத்துப் பேராகப் போங்கள். புகார் சொன்ன அன்றிரவே நாங்குநேரியில் அரிவாள் வந்தது. சொன்னவனைக் காப்பதுதான் முதல் காவல். அடித்தவன் உங்கள் மகனாக இருந்தால், "நம்ம பையன்" என்று மறைக்காதீர்கள். அவனை அழைத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலுக்குப் போய், அவன் கண்ணெதிரே நீங்கள் முதலில் மன்னிப்புக் கேளுங்கள். எந்தப் பிரம்பும் கற்பிக்காத பாடத்தை அது கற்பிக்கும்.

இன்றே உங்கள் பிள்ளையின் மணிக்கட்டைப் பாருங்கள். கயிறு இருந்தால் நீங்களே அறுத்தெறியுங்கள். அரிவாள் கதிர் அறுக்கத்தான். கூடப் படிக்கிறவனை அறுக்க அல்ல!